ஏற்றமும் இறக்கமும்

தமிழர்க்கு மலை புதியதன்று. நிலத்தை அதன் இயல்பு நோக்கிப் பகுத்த நம் முன்னோர், மலையும் மலைசார்ந்த இடமும் ஒருவகை வாழ்வுக்கு உரியன என்று கண்டு, அதற்குக் குறிஞ்சி எனப் பெயரிட்டனர். குன்றுகளைக் கண்டவிடத்து முருகனுக்குக் கோயில் எடுத்தனர். வயிற்றுப்பாட்டிற்காகக் கடல் கடந்து மலாயா வந்த நம் பாட்டன்மாரும் அவ்வழக்கத்தைக் கைவிடவில்லை. சிலாங்கூரில் பத்துமலையும் பினாங்கில் தண்ணீர்மலையும் அதற்குச் சான்று பகர்கின்றன. இந்நாட்டில் வாழும் தமிழ்ப் பிள்ளையிடம், நீ முதன்முதலில் ஏறிய மலை எது என்று கேட்டால், பத்துமலையின் 272 படிகளையே அது பெரும்பாலும் சொல்லும்.

ஆயினும் கோயில் மலை ஏறுவதும், காற்று மெலிந்த உயர்மலை ஏறுவதும் ஒன்றல்ல. முன்னதில் பக்தி கால்களைத் தூக்கிச் செல்லும். பின்னதில் பக்தியும் துணிவும் உடல் வலிமையும் ஒருங்கே இருந்தாலும், மலை தன் கணக்கைத் தனியே வைத்திருக்கும். அக்கணக்கை அறியாதார் அதனைக் கற்றுக்கொண்டே திரும்ப வேண்டியிருக்கும்.

சபா மாநிலத்தில் ஓங்கி நிற்கும் கினபாலு மலையின் உயரம் 4,095 மீட்டர். அவ்வுயரத்தைத் தமிழ் மாணவர் மனத்திற்கு எட்டச் செய்ய ஒரு வழி உண்டு. அகத்தியர் வாழ்ந்ததாக மரபு கூறும் பொதிகை மலையின் உச்சி 1,868 மீட்டர். கினபாலு ஏறுவோர் நடக்கத் தொடங்கும் தீம்போஹோன் வாயில் 1,866 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பொதிகை முடிகின்ற உயரத்தில்தான் கினபாலுவின் நடைபாதை தொடங்குகிறது. தென்னிந்திய மலைகளுள் மிக உயர்ந்த ஆனைமுடி 2,695 மீட்டர். கினபாலு வழியில் இடையே உள்ள லாயாங் லாயாங் என்னும் ஒதுங்கிடம் 2,702 மீட்டர். ஆனைமுடியின் உயரத்தை எட்டிய பின்னரும் ஏறுவோர் தலைக்கு மேல் ஏறத்தாழ 1,400 மீட்டர் எஞ்சி நிற்கிறது.

இம்மலை கருங்கல்லால் ஆனது. பூமியின் ஆழத்தில் இருந்த பாறைக் குழம்பு ஏறத்தாழ எழுபது, எண்பது இலட்சம் ஆண்டுகளுக்கு முன் இறுகிக் கல்லாகிப் பின் மேலெழுந்தது. பனியூழிக் காலத்தில் பனிப்படலம் அதன் தலையை மூடி, அரைத்து, வழவழப்பாக்கிச் சென்றது. மலையடியில் வாழும் டூசுன் மக்கள் இதனை ஆக்கி நபாலு என்பர். இறந்த முன்னோரின் ஆவிகள் உறையும் இடம் என்பது அவர்தம் நம்பிக்கை. மலை ஏறுமுன் அவ்வாவிகளின் இசைவை வேண்டிக் கோழி, முட்டை, வெற்றிலை, பாக்கு முதலியன படைப்பது அவர்தம் மரபு. வெற்றிலையும் பாக்கும் வைத்துப் பெரியோரிடம் அனுமதி கேட்கும் வழக்கம் தமிழர்க்கும் உண்டாதலின், அம்மக்களின் பணிவு நமக்கு எளிதில் விளங்கும். 1964ஆம் ஆண்டு இம்மலையும் சுற்றுக்காடும் பூங்காவாக்கப்பட்டன. 2000ஆம் ஆண்டு யுனெஸ்கோ அதனை உலக மரபிடங்களுள் ஒன்றாக ஏற்றது.

சில ஆண்டுகளுக்கு முன்னர், பள்ளி விடுமுறை ஒன்றில், தீபகற்பத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றின் ஆசிரியர் ஐவர் இம்மலை ஏறப் புறப்பட்டனர். அவருள் மூத்தவருக்கு வயது ஐம்பதை நெருங்கியிருந்தது. உயர்மலை எதனையும் அவர் அதுவரை ஏறியதில்லை. இருபத்தைந்து ஆண்டுகளாக வகுப்பறையில் முயற்சியைப் பற்றிப் பேசியவர் அவர். முயன்றால் முடியாதது இல்லை என்பதை அவர் மாணவர் எத்தனையோ கட்டுரைகளில் எழுதி, அவரிடமே மதிப்பெண் பெற்றிருந்தனர். புறப்படும் நாளுக்கு முன் ஐந்தாம் ஆண்டு மாணவர் வெள்ளைத் துணியொன்றில் தத்தம் பெயரை எழுதி அவர் கையில் கொடுத்தனர். அதனை உச்சியில் விரித்துப் படமெடுத்து வருவதாக அவர் வாக்களித்தார்.

அவர் பயிற்சியில் குறை வைக்கவில்லை. ஐந்து மாதம் ஞாயிறு தோறும் விடியலில் பத்துமலைப் படிகளைப் பலமுறை ஏறி இறங்கினார். குழுவில் இளையவர் இருபத்தாறு வயதினர். பள்ளிப் பந்தாட்டக் குழுவின் பயிற்றுநர். அவருக்குப் பயிற்சி தேவையென்று எவரும் எண்ணவில்லை, அவரும் எண்ணவில்லை.

கினபாலுவில் வழிகாட்டி இன்றி எவரும் ஏற இயலாது. முன்கூட்டியே இசைவுச்சீட்டுப் பெறுதலும் கட்டாயம். இவர்களுக்கு அமைந்த வழிகாட்டி நாற்பது வயது டூசுன் மனிதர். அவர் அதிகம் பேசவில்லை. வாயிலைக் கடந்ததும் எல்லாரும் உற்சாகமாக எட்டு வைத்தபோது அவர் பின்னாலிருந்து ஒரே சொல்லைச் சொன்னார்: "பெலான், பெலான்." மெல்ல, மெல்ல என்பது அதன் பொருள். பந்தாட்டப் பயிற்றுநர் சிரித்துக்கொண்டே முன்னே விரைந்தார். மூத்தவர் வழிகாட்டியின் நடையை உற்று நோக்கினார். அம்மனிதர் ஏற்றத்திலும் சமனிலும் ஒரே சீராக நடந்தார். மூச்சு வாங்கி நிற்கவேண்டிய நிலைக்குத் தம்மை அவர் கொண்டுசெல்லவே இல்லை. அடிக்கடி நின்று இளைப்பாறுவோரைவிட நில்லாது மெல்லச் செல்பவர் முந்துவதையும், அவர் உடல் வருந்தாதிருப்பதையும் மூத்தவர் அன்று கண்ணாரக் கண்டார்.

வழியில் அவரை நாணச் செய்த காட்சி ஒன்றும் உண்டு. மேலேயுள்ள விடுதிகளுக்கு வேண்டிய அரிசியும் எரிவாயுக் கலமும் படுக்கைத் துணியும் மனிதர் முதுகிலேயே ஏறுகின்றன. ஆணும் பெண்ணுமாகச் சுமைதூக்குவோர், தம் உடலெடையில் பாதிக்கு மேலான சுமையை நெற்றிப் பட்டையில் தாங்கி, எளிய இரப்பர் காலணியோடு அவரைக் கடந்து சென்றனர். விலையுயர்ந்த காலணியும் கைத்தடியும் கொண்டு ஏறுவோர் உச்சியில் படமெடுத்துக்கொள்வர். அவர் உண்ட சோற்றைச் சுமந்தவர் படத்தில் இரார். தோட்டப்புறத்தில் பால்வாளி சுமந்த தாயின் வயிற்றில் பிறந்த அவ்வாசிரியருக்கு அக்காட்சியின் பொருள் உடனே விளங்கிற்று. தமக்கு எதிரே வந்த ஒவ்வொரு சுமையாளிக்கும் அவர் ஒதுங்கி வழிவிட்டார்.

உயரம் ஏற ஏறக் காடும் மாறிற்று. அடியில் கருவாலி மரங்கள் ஓங்கி நின்றன. அவற்றுக்கு மேல் பாசி போர்த்த குட்டை மரங்கள் தோன்றின. அதற்கும் மேல் பூச்சிகளைப் பிடித்துண்ணும் குடுவைச் செடிகள் காணப்பட்டன. முடிவில் இடுப்புயரப் புதர்களும், அவற்றைக் கடந்து வெறும் பாறையுமே எஞ்சின. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ ஆறு பாகை குறைகிறது. அதற்கேற்ப ஒவ்வோர் உயரத்திற்கும் உரிய உயிர்கள் அவ்வவ்விடத்தில் வாழ்கின்றன. கீழ்க்காட்டு மரம் மேலே குறுகிப் போகும். மேலுள்ள செடி கீழே வாடிப் போகும். திணைக்கு உரிய கருப்பொருள் என்று வகுப்பில் சொல்லி வந்ததை அவர் அங்கே மரம் மரமாகக் கண்டு சென்றார்.

மாந்தர் உடலும் அத்தகையதே. உயரத்தில் உயிர்வளியின் விழுக்காடு குறைவதில்லை. கடற்கரையிலும் கினபாலு உச்சியிலும் காற்றில் ஏறத்தாழ 21 விழுக்காடு உயிர்வளியே. குறைவது காற்றின் அழுத்தம். கினபாலு உச்சியில் அது கடல்மட்டத்து அழுத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்குதான். ஆகவே ஒவ்வொரு மூச்சிலும் நுரையீரல் பெறும் உயிர்வளி அந்த அளவு குறைகிறது. உடல் முதலில் மூச்சையும் நாடித்துடிப்பையும் மிகுத்து ஈடுசெய்யப் பார்க்கும். குருதியில் சிவப்பணுக்களைப் பெருக்கிக்கொள்ள அதற்குப் பல வாரங்கள் வேண்டும். அவ்வவகாசம் தராது விரைந்து ஏறினால் தலைநோவு, குமட்டல், உறக்கமின்மை ஆகியன தோன்றும். 2,500 மீட்டருக்கு மேல் எவருக்கும் இது நேரலாம். இதில் வியப்பு யாதெனில், உடற்கட்டு இந்நோய்க்கு அரணாவதில்லை. கட்டுடல் கொண்ட இளைஞர் விரைந்து ஏறுவதால் சில வேளை அவர்க்கே இடர் மிகுகிறது.

அன்று பிற்பகல் பந்தாட்டப் பயிற்றுநர் மற்றவரைவிட இரண்டு மணி நேரம் முந்தி, 3,270 மீட்டர் உயரத்தில் உள்ள லாபான் ராத்தா விடுதியை அடைந்திருந்தார். மூத்தவர் வந்து சேர்ந்தபோது அவர் வெளியே பாறையில் அமர்ந்திருந்தார். இரவுணவை அவர் தொடவில்லை. உடம்புக்கு என்ன என்று வினவியதற்குப் பசியில்லை என்றார். தலைநோவைச் சொன்னால் மேலே ஏறவிடார்களோ என்னும் அச்சமே அவரை வாய் மூடச் செய்தது என்பது பின்னர்த்தான் தெரிந்தது.

இரவு இரண்டரை மணிக்கு மீண்டும் புறப்பட்டனர். தலையில் கட்டிய சிறு விளக்குகள் இருளில் ஒரு வரிசையாக மேலேறிக்கொண்டிருந்தன. குளிர் கையுறையையும் துளைத்தது. மரப்படிகள் முடிந்து, வழுக்குப் பாறையில் கட்டிய கயிற்றைப் பற்றி ஏறும் பகுதி வந்தது. 3,668 மீட்டர் உயரத்தில் சாயாட் சாயாட் என்னும் சோதனைச் சாவடி இருக்கிறது. குறித்த நேரத்திற்குள் அங்கு வந்து சேராதாரை மேலே விடுவதில்லை. இவர்கள் நேரத்தோடு வந்துவிட்டனர். சீட்டைக் காட்டப் பயிற்றுநர் கையுறையைக் கழற்றினார். பின் அதனை மாட்ட அவரால் இயலவில்லை. விரல்கள் ஒன்றோடொன்று இடறின. சொல்லும் குழறிற்று.

வழிகாட்டி விளக்கை அவர் முகத்தில் பிடித்துப் பார்த்தார். பின் தரையில் ஒரு கோட்டைக் காட்டி, ஓர் அடியின் முனையில் மறு அடியை ஒட்டி வைத்து நடக்கச் சொன்னார். மூன்றாம் அடியில் இளைஞர் சாய்ந்தார். மூளையை உயரம் தாக்கத் தொடங்கிவிட்டது என்பதன் அடையாளம் அது. அதற்குக் கைகண்ட மருந்து ஒன்றே, உடனே இறங்குதல். தாமதித்தால் உயிருக்கே கேடு விளையும். வழிகாட்டி, "துருன்" என்றார். இறங்கு என்பது பொருள்.

இளைஞர் இசையவில்லை. "இன்னும் நானூறு மீட்டர்தானே, ஐயா! இவ்வளவு தொலைவு வந்து இறங்குவதா? கீழே போய் எந்த முகத்தோடு நிற்பேன்?" என்று மூத்தவரை நோக்கிக் கேட்டார். நோயுற்ற மூளை தன் நோயை அறியாது என்பதும் அந்நோயின் ஓர் இயல்பு. வேறு குழுவின் வழிகாட்டி ஒருவர் அவரை அழைத்துச் செல்ல முன்வந்தார். அவர் கையையும் இளைஞர் உதறினார். குழுவின் மற்ற மூவரும் குளிரில் நடுங்கி நின்றனர். நேரம் கழிந்துகொண்டிருந்தது.

மூத்தவருக்கு உடலில் ஒரு குறையும் இல்லை. கால்கள் உறுதியாக இருந்தன. மூச்சு சீராக இருந்தது. அவர் பையில் முப்பத்திரண்டு பிள்ளைகளின் பெயர் எழுதிய துணி மடித்திருந்தது. வானம் தெளிந்து விண்மீன்கள் நெருங்கிப் பூத்திருந்தன. அத்தகைய வானிலை அம்மலையில் எல்லா நாளும் வாய்ப்பதில்லை என்று வழிகாட்டி முன்னரே சொல்லியிருந்தார். அவ்வயதில் மீண்டும் ஒருமுறை வருவது நடக்கக்கூடியதா என்பதும் அவர் மனத்தில் எழாதிருந்திருக்க முடியாது. அவர் பையைத் திறந்தார். துணியை எடுத்துக் குழுவிலிருந்த ஆசிரியை ஒருவரிடம் தந்தார். பின் இளைஞர் தோளில் கை வைத்து, "நானும் இறங்குகிறேன், தம்பி. வாருங்கள், சேர்ந்து போவோம்" என்றார். இளைஞர் சற்று நேரம் அவரையே பார்த்து நின்றார், பின்னர் நடந்தார்.

இறக்கம் ஏற்றத்தினும் கடிது என்பதை மலையேறாதார் நம்பார். ஏறும்போது மூச்சுத்தான் வருந்தும். இறங்கும்போது முழங்காலும் மனமும் சேர்ந்து வருந்தும். மேலேறுவோரின் விளக்கு வரிசைக்கு எதிராக இவர்கள் இறங்கினர். எதிரே வந்த ஒவ்வொருவரும் விளக்கொளியில் இவர் முகத்தைப் பார்த்து, செய்தியைத் தாமே ஊகித்து, ஒன்றும் கேளாமல் ஒதுங்கினர். விடுதியை அடைந்ததும், விடியலின் முதல் வெளிச்சத்தோடு, நில்லாது மேலும் இறங்கினர். லாயாங் லாயாங் ஒதுங்கிடத்தை எட்டும்போது இளைஞரின் தலைநோவு பெரிதும் தணிந்திருந்தது. அங்கே அமர்ந்து முதன்முறையாக இரண்டு ரொட்டி உண்டார். அப்போதுதான் அவர் அழுதார். மூத்தவர் அதனைக் காணாதவர் போலத் தம் காலணிக் கயிற்றை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

மற்ற மூவரும் உச்சி கண்டு பிற்பகலில் இறங்கி வந்தனர். துணி உச்சியில் விரிக்கப்பட்டது, படமும் எடுக்கப்பட்டது. கினபாலுவில் ஏறியோர்க்குச் சான்றிதழ் வழங்கும் வழக்கம் உண்டு. உச்சியை அடைந்தவர்க்கு வண்ணச் சான்றிதழ். அடையாதவர்க்குக் கறுப்பு வெள்ளைச் சான்றிதழ். மூன்று வண்ணத் தாள்களோடும் இரண்டு கறுப்பு வெள்ளைத் தாள்களோடும் அவர்கள் ஊர் திரும்பினர்.

பள்ளி திறந்த நாளில் மாணவர் படத்தைப் பார்த்தனர். துணி இருந்தது, தம் ஆசிரியர் அதில் இல்லை. நடந்ததை அவர் மறைக்காமல் சொன்னார். நோயுற்றவர் இன்னார் என்பதை மட்டும் சொல்லவில்லை. ஒரு சிறுமி எழுந்து, "அப்படியென்றால் நீங்கள் தோற்றுவிட்டீர்களா, ஐயா?" என்று கேட்டாள். வகுப்பு அமைதியாயிற்று. அவர் அதற்கு உடனே விடை கூறாமல், திருக்குறளை எடுத்து, அதன் அதிகார வரிசையை வாசிக்கச் சொன்னார்.

அவ்வரிசை ஆராயத் தக்கது. பொருட்பாலின் அரசியலில் 60ஆம் அதிகாரம் ஊக்கமுடைமை, 61ஆவது மடியின்மை, 62ஆவது ஆள்வினையுடைமை, 63ஆவது இடுக்கணழியாமை. மேடையிலும் கட்டுரையிலும் நாம் மாணவர்க்கு ஓயாது எடுத்துரைப்பவை இந்நான்கே. அவை உயர்ந்தவை என்பதில் ஐயமில்லை. ஆனால் அவற்றுக்கு நெடுந்தொலைவு முன்னரே, 48ஆவதாக வலியறிதலும், 49ஆவதாகக் காலமறிதலும், 50ஆவதாக இடனறிதலும் வைக்கப்பட்டுள்ளன. செயலின் வலிமையையும் தன் வலிமையையும் துணையின் வலிமையையும் எடைபோட்டு அறிந்தவனுக்கே முயற்சி பயன் தரும். மரக்கிளையின் முனை வரை ஏறிவிட்டவன், அதனையும் கடந்து மேலேற மனங்கொண்டால் உயிரிழப்பான் என்னும் எச்சரிக்கை வலியறிதலில்தான் இருக்கிறது. நானூறு மீட்டர்தானே என்று கேட்ட இளைஞருக்கு அதனினும் பொருத்தமான விடை வேறு உண்டோ? பந்தாட்டத் திடலில் எவராலும் வெல்லப்படாத கால்கள் காற்று மெலிந்த பாறையில் தளர்ந்தமைக்கு விளக்கம் இடனறிதலில் கிடைக்கும். குறித்த நேரத்திற்குப் பின் சாவடியைக் கடக்கவிடாத மலைவிதியின் நியாயம் காலமறிதலில் விளங்கும்.

மலையேற்ற வரலாறும் இவ்வுண்மையையே உரைக்கிறது. லபுவானில் பிரிட்டிஷ் ஆட்சியின் அலுவலராக இருந்த ஹியூ லோ, 1851ஆம் ஆண்டு டூசுன் வழிகாட்டிகளுடன் கினபாலுவின் உச்சித் தளத்தை அடைந்தார். அத்தளத்தில் எழுந்து நின்ற மிக உயர்ந்த சிகரத்தை அவர் ஏறவில்லை. 1858இல் மீண்டும் வந்தும் அதனை அவர் எட்டவில்லை. இயற்கை ஆய்வாளர் ஜான் ஒயிட்ஹெட் 1888இல் அதன் மேல் நின்றார். இன்று அச்சிகரம் எவர் பெயரைத் தாங்கி நிற்கிறது? அதன் மேல் ஒருநாளும் கால் வைக்காத லோவின் பெயரையே தாங்கி நிற்கிறது.

எவரெஸ்ட் சிகரத்தை 1953ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் டென்சிங்கும் ஹில்லரியும் வென்றதை மாணவர் அனைவரும் அறிவர். அதற்கு மூன்று நாள் முன்னர், மே 26ஆம் நாள், அதே குழுவைச் சேர்ந்த சார்லஸ் எவன்ஸ், டாம் போர்டில்லன் ஆகிய இருவர் தென் உச்சியை அடைந்து, சிகரத்துக்கு ஏறத்தாழ நூறு மீட்டர் கீழே நின்றதைச் சிலரே அறிவர். உயிர்வளிக் கருவி தொல்லை தந்தது, பொழுதும் சென்றுவிட்டது. மேலே சென்றால் மீள்வது அரிது என்று கண்டு அவர்கள் திரும்பினர். அவர்கள் விட்டுவந்த உயிர்வளிக் கலங்கள் மூன்று நாள் கழித்து ஹில்லரிக்கும் டென்சிங்குக்கும் இறங்கும் வழியில் பயன்பட்டன. திரும்பிய எவன்ஸ் 1955ஆம் ஆண்டு கஞ்சன்ஜங்கா ஏறிய குழுவுக்குத் தலைமை தாங்கினார். அக்குழுவினர், சிக்கிம் மக்கள் புனிதமெனப் போற்றும் அம்மலையின் தலையை மிதிப்பதில்லை என்று தந்த வாக்கைக் காத்து, உச்சிக்குச் சில அடி கீழேயே நின்றனர். உலகின் மூன்றாம் உயர்ந்த மலை அவ்வாறுதான் முதன்முதலில் வெல்லப்பட்டது.

இதற்கு மாறாக, 1924ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் நாள் எவரெஸ்டின் மேற்பகுதியில் மறைந்த மாலரியும் இர்வினும் உச்சியை அடைந்தனரா என்னும் கேள்விக்கு இன்றளவும் விடையில்லை. மாலரியின் உடல் 1999இல் கண்டெடுக்கப்பட்டும் அப்புதிர் அவிழவில்லை. மீண்டு வந்து சொன்னாலன்றி ஏற்றம் முழுமை பெறுவதில்லை. 1997ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் எவரெஸ்ட் உச்சியில் மலேசியக் கொடியை முதலில் நாட்டிய மகேந்திரனையும் மோகன்தாசையும் நாம் பெருமையோடு நினைக்கிறோம். ஷெர்ப்பாக்களின் துணையோடு ஏறிய அவ்விருவரும் நலமாக இறங்கி வந்தமையும் அப்பெருமையின் ஒரு பாதியாகும்.

மனிதர் எத்துணை எச்சரிக்கையாக இருப்பினும் மலை தன்போக்கில் நடக்கும் நாளும் உண்டு. 2015ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் காலை, 6.0 அளவுள்ள நிலநடுக்கம் கினபாலுவை உலுக்கியது. பாறைகள் உருண்டன. பதினெட்டு உயிர்கள் மடிந்தன. அவருள் சிங்கப்பூரிலிருந்து வந்த தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளும் ஆசிரியரும் இருந்தனர். மலையின் வழிகாட்டிகளும் இருந்தனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் மேலே சிக்கிக்கொண்டபோது, உயிர் தப்பிய வழிகாட்டிகள் தாம் இறங்கி ஓடாமல், வந்தவர்களைக் கைப்பிடித்தும் தோளில் தாங்கியும் கீழே கொணர்ந்தனர். அந்நாளை நினைவில் வைத்திருப்போர், வழிகாட்டி ஒருவர் "துருன்" என்று சொல்லும்போது எதிர்வாதம் செய்யமாட்டார். அச்சொல்லின் பின்னே ஒரு மக்களின் தலைமுறை அறிவும், அவர் கொடுத்த உயிர்விலையும் இருக்கின்றன.

இவற்றையெல்லாம் எண்ணும்போது, கல்விப் பணியில் உள்ளோர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா ஒன்று எழுகிறது. ஏறு, இன்னும் ஏறு என்று பிள்ளைகளுக்கு ஓயாது சொல்லி வருகிறோம். மூச்சு முட்டுகிறது என்று ஒரு பிள்ளை சொல்லத் துணியும்படி நாம் நடந்துகொள்கிறோமா? தேர்வில் எல்லாப் பாடத்திலும் சிறப்புப் பெறவேண்டும் என்னும் ஏற்றத்தில், தலைநோவை மறைத்துக்கொண்டு இரவுணவைத் தொடாமல் அமர்ந்திருக்கும் பிள்ளைகள் நம் வகுப்பிலும் உண்டு. சொன்னால் தாழ்வாகிவிடும் என்னும் அச்சமே அவர்களை ஊமையாக்குகிறது. அன்று சாவடியில் அவ்விளைஞர் இறங்க இசைந்தது அறிவுரையால் அன்று. தம்மோடு ஒருவர் இறங்க முன்வந்ததால். பிள்ளை பின்தங்கும்போது முன்னே நின்று அழைப்பதினும், இரண்டு படி இறங்கி அதனருகே நின்று கைகொடுப்பது ஆசிரியர்க்குப் பெருமை தரும் செயலாகும்.

அச்சிறுமியின் வினாவுக்கு வருவோம். அதிகார வரிசையை வாசித்து முடித்த மாணவரிடம், தோற்றேனா இல்லையா என்பதை நீங்களே ஒரு கட்டுரையாக எழுதுங்கள் என்றார் ஆசிரியர். தோற்றார் என்று சிலர் எழுதினர். இல்லை என்று பலர் எழுதினர். இரு சாராருக்கும், காரணம் காட்டிய அளவுக்கேற்ப, அவர் மதிப்பெண் இட்டார். முயன்றால் முடியாதது இல்லை என்னும் தொடரை அவ்வாண்டுக் கட்டுரைகளில் கண்டபோது மட்டும், அதனை அடிக்காமல், பக்கத்தில் சிவப்பு மையால் ஒரு வினாவை எழுதி வைத்தார்: எவ்வளவு உயரத்தில், எந்த நேரத்தில், யாரோடு?